பாத்திரக்கடை அண்ணாச்சியும் பழுப்புப் பாசியும்

அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பிச்சைக்கண்ணு அண்ணாச்சிக்குக் கறை என்றால் ஆகாது. அது யார் வீட்டுக் கறை என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரருடைய தம்ளரையும் சேர்த்துத் துடைத்து வைப்பார். பிள்ளையார் கோயிலில் எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் குத்துவிளக்கின் அடியில் பிடித்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை வேட்டி நுனியால் தேய்த்துக்கொண்டிருப்பார். பித்தளையும் செம்பும் புழங்கிய கை. களிம்பு கண்ணில் பட்டால் சும்மா இருக்காது. பிள்ளையாரும் இதுவரை அதைக் குற்றமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆனால் வாடகைக்கு வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி வீட்டு மாடியில் எந்தக் குடித்தனமும் நிலைத்ததில்லை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. படியில் செருப்போடு ஏறக் கூடாது. செருப்பில்லாமல் ஏறினாலும், ஏறுகிறவர் முதுகுக்குப் பின்னால் அண்ணாச்சி ஈரத்துணியோடு ஒவ்வொரு படியாகத் துடைத்துக்கொண்டே வருவார். கோபப்படமாட்டார். சிரித்த முகத்தோடுதான் துடைப்பார். அதுதான் பலருக்குத் தாங்க முடியவில்லை.

தாக்குப்பிடித்தது லியோனும் ஜெர்லினும் மட்டும்தான். லியோன் உவரிக்காரன், கப்பலில் வேலை. ஜெர்லினுக்கும் அதே ஊர்; ஆழ்வார்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அண்ணாச்சி கீழேயிருந்து படியைத் துடைத்துக்கொண்டு ஏறினால், அவள் இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு மேலேயிருந்து துடைத்துக்கொண்டு இறங்குவாள். நடுப்படியில் இருவரும் சந்தித்துக்கொள்வார்கள். "மிச்சம் எவ்வளவு அண்ணாச்சி?" என்று கணக்குக் கேட்பாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அண்ணாச்சியின் மனைவி பொன்செல்விக்கோ அந்தப் பெண்மேல் உயிர். பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்துக்குத் தெருவாசலில் போய் நின்றுகொள்வாள்.

ஜெர்லின் பிள்ளைப்பேறுக்கு உவரியில் தாய்வீட்டுக்குப் போனாள். அதே வாரத்தில் லியோனுக்கும் கப்பலிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. அப்போதுதான் ஆசையாக ஒரு மீன்தொட்டி வாங்கித் தண்ணீர் நிரப்பி, மூன்று தங்கமீன்களை விட்டிருந்தான். தான் பார்த்த துறைமுகங்களின் பெயரையே அவற்றுக்கு வைத்திருந்தான்: கொழும்பு, துபாய், சிங்கப்பூர். தொட்டியைக் கீழே கொண்டுவந்து அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டு, தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, ஒரு விசயம். எங்க அத்தை, ஜெர்லினோட அம்மா, பிள்ளை பிறந்த பொறவு உவரியிலயே இருந்துக்கிடுங்கன்னு ஒத்தக்கால்ல நிக்காவ. அந்தப் பக்கமே ஒரு பள்ளிக்கூடம் பாத்துக்கிடலாமாம். ஜெர்லினுக்கு இங்கன வரத்தான் ஆசை. நான் கப்பல்ல இருந்து இறங்கினதும் மீனைப் பாக்க வருவேன். அத்தையையும் கூட்டிக்கிட்டு வாரேன். அப்பம் பேசி முடிவு பண்ணிக்கிடுவோம்."

அவன் பஸ் ஏறியதும் பொன்செல்வி தொட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, கேட்டுக்கிடுங்க. அந்தம்மா வரும்போது இந்தத் தொட்டி வெள்ளிக்குடம் மாதிரி இருக்கணும். மூணு மீனை ஒழுங்காப் பாத்துக்கிட்டவன் நம்ம பேரப்பிள்ளையையும் பாத்துக்கிடுவான்னு அவ மனசுல படணும். இல்ல, மாடி காலிதான்."

"எங்கிட்டயா சுத்தத்தைப் பத்திச் சொல்லுத?" என்று அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டார்.

இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒருநாள் காலை திருநீறு பூசிக்கொண்டு கூடத்துக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தொட்டியின் கண்ணாடியில் பழுப்பாக ஏதோ படர்ந்திருந்தது. அடியில் கிடந்த வெள்ளைக் கூழாங்கல்லெல்லாம் வெல்லப்பாகில் புரட்டி எடுத்ததுபோல் இருந்தது. விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். மாவு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

"களிம்பு" என்றார் அண்ணாச்சி.

மீன்தொட்டியில் களிம்பு ஏறுமா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. அவர் அறிந்த உலகத்தில் பழுப்பாகப் படிகிற எதற்கும் ஒரே மருந்துதான். புளியைக் கரைத்தார். மீன்களை ஒரு வாளிக்கு மாற்றினார். கல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வைத்தார். கண்ணாடியைத் தேங்காய் நாரால் தேய்த்தார். தண்ணீரைச் சுத்தம் செய்கிற மோட்டாருக்குள் ஒரு பஞ்சு இருந்தது. அது பார்க்கவே சகிக்கவில்லை. துணி சோப்புப் போட்டு, மல்லிகைப்பூ நிறம் வரும்வரைக்கும் கசக்கிப் பிழிந்தார்.

தண்ணீருக்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்திருப்பார்கள். வீட்டுக்கு வந்த மீனுக்கு மருந்துத் தண்ணீரா? தினமும் விடிகாலையில் தாமிரபரணியில் குளிக்கப் போகிறவர்தானே, இரண்டு கேனை சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ப் படித்துறையில் இறங்கி, கும்பிட்டு, ஆற்றுத் தண்ணீர் மொண்டு வந்தார். பாபநாச மலையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீர். அதைவிடப் புனிதமாக ஒரு மீனுக்கு என்ன கொடுத்துவிட முடியும்?

தொட்டி பளபளத்தது. மூன்றாம் நாள் மறுபடி பழுப்பு.

மறுபடியும் புளி, நார், சோப்பு, தாமிரபரணி. மறுபடியும் பழுப்பு. இந்தத் தடவை சீக்கிரமே வந்தது. அண்ணாச்சி தினமும் கழுவத் தொடங்கினார். கடைக்குத் தாமதமாகப் போனார். கடையில் வேலை பார்க்கும் சுடலைமணி, "அண்ணாச்சி, அந்த மீனு நம்ம கடை அண்டாவைவிட அதிகத் தேய்ப்பு வாங்குதே, தேஞ்சுபோயிராம?" என்று கேட்டார். அண்ணாச்சி கல்லாவைத் திறந்தார். அவருடைய விரல் நுனியெல்லாம் புளி பட்டு வெடித்திருந்தது.

இதற்கு நடுவே பக்கத்து வீட்டு இசக்கிதுரையின் தருமசிந்தனை வேறு வேலை செய்துகொண்டிருந்தது. இசக்கிதுரை நல்ல மனிதர். பாபநாசம் கோயிலுக்குப் போனால் படித்துறையில் நின்று ஆற்று மீனுக்குப் பொரி போடாமல் திரும்பமாட்டார். மீனுக்குப் போடுகிற பொரி நேராகப் புண்ணியக் கணக்கில் ஏறும் என்பது அவர் நம்பிக்கை. இப்போது பஸ் செலவில்லாமல் பக்கத்து வீட்டிலேயே மீன் இருக்கிறது. பேப்பர் வாங்க வருகிற சாக்கில் வருவார். சட்டைப் பையிலிருந்து ஒரு கை பொரி. போகும்போது இன்னொரு கை. தெருவில் இதைப் பார்த்த மற்றவர்களும் சும்மா இருப்பார்களா? ஒருத்தி முறுக்குத் துண்டு போட்டாள். ஒரு பெரியவர் கோயில் சுண்டலில் பாதியைப் போட்டார். பொன்செல்வியே, "வாயில்லாச் சீவன், வாயைத் தொறந்து தொறந்து கேக்குது பாருங்க" என்று இட்லியைப் பிட்டுப் போட்டாள். அத்தனை பேரும் அன்பினால்தான் செய்தார்கள். ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் லியோன் கப்பலிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். அண்ணாச்சி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"அண்ணாச்சி, மீனு எப்படி இருக்கு?"

அண்ணாச்சி பொய் சொல்லமாட்டார். கடையிலேயே, "இந்தப் பானை ஓட்டை" என்று தானாகச் சொல்லி வைத்துவிட்டு விற்கிறவர். ஆனால் இப்போது உண்மையைச் சொல்லவும் நாக்கு எழவில்லை.

"மூணும் உயிரோட இருக்குப்பா."

"கொஞ்சம் காட்டுங்களேன்."

"இங்கன வெளிச்சம் பத்தல."

"பின்னால வெயிலு அடிக்குதே அண்ணாச்சி!"

"வெளியில அடிக்குது. உள்ள பத்தல" என்றார். அது உண்மைதான். "நீ சாப்பிட்டியா? கடல் அமைதியா இருக்கா? ஆங்? கேக்கல..." நன்றாகவே கேட்டது. அந்த ஒரு சொல் மட்டும் உண்மை இல்லை. அதற்காக அவர் மறுநாள் பிள்ளையாருக்கு ஒரு விடலைத் தேங்காய் உடைத்தார்.

தேங்காய் உடைத்துவிட்டு வந்தபோது சிங்கப்பூர் ஒருபக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, சிங்கப்பூரு முழுகப்போவுது!" என்று பொன்செல்வி அலறிய அலறலில், சுவருக்கு அந்தப் பக்கம் டிவி பார்த்துக்கொண்டிருந்த இசக்கிதுரை செய்தி சேனலுக்கு மாற்றினாராம்.

அண்ணாச்சி அன்றைக்குக் கடை திறக்கவில்லை. ஒரு எவர்சில்வர் தூக்குவாளியில் பழுப்புத் தண்ணீரையும் இரண்டு பழுப்புக் கல்லையும் போட்டுக்கொண்டு திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார். மேலப்பாளையத்தில் அலிமா பீவி என்று ஒரு அம்மாள் மீன்கடை, அதாவது வளர்க்கிற மீன்கடை வைத்திருப்பதாகச் சுடலைமணி சொல்லியிருந்தார். வழியெல்லாம் தூக்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "ஆஸ்பத்திரிக்கா அண்ணாச்சி? ரசம் நல்லா இருக்கும்போல" என்றார்.

அலிமா பீவி தூக்கைத் திறந்து பார்த்தார். கல்லை எடுத்துக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். சிரித்தார்.

"தொட்டி புதுசா?"

"புதுசுதான்மா."

"புதுத்தொட்டிக்கு இது வரும். பிள்ளைக்குப் பல்லு முளைக்கும்போது வயிறு கலங்குற மாதிரி. பழுப்புப் பாசி. வரும், கொஞ்ச நாள் இருக்கும், அதுவாப் போயிரும். நீங்க என்ன செஞ்சீங்க?"

அண்ணாச்சி பெருமையோடுதான் தொடங்கினார். புளி என்றதும் அந்த அம்மாளின் சிரிப்பு நின்றது. தேங்காய் நார் என்றதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். சோப்புப் போட்டுப் பஞ்சைத் துவைத்தேன் என்றதும் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"யா அல்லா! அண்ணாச்சி, அந்தப் பஞ்சுலதான் கண்ணுக்குத் தெரியாத பூச்சி குடியிருக்கு. மீனு போடுற அசிங்கத்தை அதுதான் தின்னு செரிக்கும். அதை நீங்க தினமும் சோப்புப் போட்டுக் குடியோட துரத்தியிருக்கீங்க. மீனு மூச்சு முட்டாம என்ன செய்யும்?"

"தண்ணி மட்டும் தாமிரபரணித் தண்ணிம்மா. தினமும் புதுசு" என்றார் அண்ணாச்சி, கடைசி நம்பிக்கையாக.

"நல்ல தண்ணி. நானும் அதைத்தான் குடிக்கேன். ஆனா கல்லுலயும் மண்ணுலயும் உருண்டு வர்ற தண்ணி இல்லையா? அதுல மணல்சத்து கரைஞ்சிருக்கும். இந்தப் பாசிக்கு அதுதான் சாப்பாடு. தொட்டியில இருந்த சத்து தீர்ந்தா பாசியும் ஓயும். நீங்க தீரவே விடாம தினமும் ரெண்டு கேன் கொண்டுவந்து விருந்து வெச்சிருக்கீங்க. சரி, மீனுக்கு என்ன போடுறீங்க?"

அண்ணாச்சி பொரி, முறுக்கு, சுண்டல், இட்லி என்று மெல்லிய குரலில் வரிசையாகச் சொன்னார்.

"முறுக்கா?"

"பாபநாசத்துல பொரி போடுதோம்லாம்மா. அந்த மீனெல்லாம் கொழுகொழுன்னு..."

"பாபநாசத்துல ஆறு ஓடுது அண்ணாச்சி. உங்க வீட்டுக் கூடத்துல ஓடுதா?"

அண்ணாச்சி தூக்கை மூடினார். அலிமா பீவிக்கு அவருடைய வெடித்த விரல்களைப் பார்த்ததும் மனம் இளகிவிட்டது. டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு பையச் சொன்னார்: "மருந்தெல்லாம் வேண்டாம். வீட்டுக்குப் போயி மோட்டாரைப் போட்டுவிடுங்க. ஒருநாளைக்கு ஒரு சிட்டிகை மீன்தீனி, ஒரே தடவை, ஒரே ஆளு. வாரத்துல ஒருநாள் ரெண்டு சொம்பு தண்ணி எடுத்து ரெண்டு சொம்பு ஊத்துங்க. வேற ஒண்ணும் செய்யக்கூடாது."

"கண்ணாடியை மட்டும் லேசா..."

"மத்தவங்களுக்கு, முன்பக்கத்தை மெல்லத் துடைச்சுக்கிடுங்கன்னு சொல்லுவேன். உங்களுக்குச் சொல்லமாட்டேன். நீங்க முன்பக்கத்தோட நிறுத்தமாட்டீங்க."

அண்ணாச்சி தலை குனிந்தார். ஒரே சந்திப்பில் தன்னை இவ்வளவு அறிந்துகொண்ட மனுஷியை அவர் பார்த்ததில்லை.

வேலை செய்து களைத்த மனிதர்களைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். வேலை செய்யாமல் களைத்த மனிதரை அந்த நாட்களில் பிச்சைக்கண்ணு அண்ணாச்சி வீட்டில்தான் பார்க்க முடிந்தது. பழுப்பு நாளுக்கு நாள் தடித்தது. கல், கண்ணாடி, பிளாஸ்டிக் செடி எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. அண்ணாச்சி தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். கை தாங்காதபோது எழுந்து போய் வீட்டில் உள்ள மற்றதையெல்லாம் தேய்ப்பார். அந்த மாதத்தில் அவர்கள் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்கிற நிலைமை.

இசக்கிதுரையிடம் பொரியை நிறுத்தச் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. "தர்மம் செய்யாதீங்கன்னு சொன்ன முத ஆளு நீங்கதான் அண்ணாச்சி" என்று அவர் முகம் சுருங்கிப்போனது. அண்ணாச்சி யோசித்தார். "தர்மம் செய்யுங்க. மீன்தீனி டப்பா இந்தா இருக்கு. இனிமே தினமும் காலையில நீங்கதான் ஒரு சிட்டிகை போடணும். நாங்க யாரும் போடமாட்டோம்" என்று டப்பாவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு இசக்கிதுரை குளித்து, நெற்றியில் நீறு பூசி, அர்ச்சகர் மாதிரி வந்து நின்று ஒரே ஒரு சிட்டிகை போட்டார். மற்றவர் யாரையும் தொட்டிப் பக்கம் அண்டவிடவில்லை. கருணைக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டால் அது அளவோடு நடந்துகொள்கிறது.

ஆனாலும் கேலி செய்யாமல் இருக்க முடியவில்லை அவருக்கு. "அண்ணாச்சி, ஊருல சொல்லுதாவ, உங்க வீட்டுல மீனுக்குக் காப்பி போட்டு வெச்சிருக்காம்னு."

"சொல்லட்டும்வே."

"பாத்திரக்கடைக்காரர் வீட்டுலயான்னு கேக்காவ."

"கேக்கட்டும்வே" என்றார் அண்ணாச்சி. சொல்லிவிட்டுக் கையைத் தொடைக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டார்.

சிங்கப்பூர் நிமிர்ந்துவிட்டது. முதலில் சாய்வு குறைந்தது. பிறகு கீழே இறங்கியது. ஒருநாள் துபாயைத் துரத்திக்கொண்டு தொட்டியைச் சுற்றி வந்தது. அண்ணாச்சி அன்று கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டார். விளக்கைப் பார்க்கவே இல்லை.

ஜெர்லினுக்குப் பெண்குழந்தை பிறந்தது. லியோன் கப்பலிலிருந்து இறங்கி வந்து குழந்தையையும் பார்த்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் மாமியாரோடு புறப்பட்டு வருவதாகப் போன் செய்தான். "ஒரு வேன் பிடிச்சிட்டு வாரோம் அண்ணாச்சி. அத்தைதான் பிடிச்சாவ. முடிவு அப்படி ஆச்சுன்னா சாமானை ஏத்திக்கிடலாம்னு..."

வேன் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து பொன்செல்வி மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு காலை அவளே புளியைக் கரைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஏங்க, போதும். இன்னைக்கு ஒருநாள் தேச்சுருங்க. அந்தம்மா பாத்துட்டுப் போன பொறவு எப்படியும் கெடக்கட்டும்."

அண்ணாச்சி சட்டைக் கையை மடித்துவிட்டார். கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். அரைமணி நேர வேலை. கண்ணாடி பளிச்சென்று ஆகிவிடும். வருகிற அம்மாளும் மெச்சுவாள். இத்தனை நாளாக ஊர் சிரித்த சிரிப்புக்கும் ஒரு பதில் கிடைக்கும்.

தொட்டிக்குள் சிங்கப்பூர் கண்ணாடியோரமாக வந்து, பாசியில் வாயை வைத்துச் சின்னச் சின்னதாகக் கொறித்துக்கொண்டிருந்தது. அது கொறித்த இடத்தில் பொட்டு அளவுக்குத் தெளிந்திருந்தது. அதன் வழியாக ஒரு கண் இவரைப் பார்த்தது. பயமில்லாத பார்வை. இவர் கை உள்ளே வந்தால் என்ன நடக்கும் என்பதை அது மறந்துவிட்டிருந்தது. அண்ணாச்சிதான் மறக்கவில்லை.

"இந்தா, இதை ரசத்துக்கு வெச்சுக்க" என்று கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"மாடி காலியாப் போவும்ங்க."

"போனாப் போவட்டும். நமக்குப் பேரு வரணும்னு அதை மறுபடியும் மூச்சு முட்ட வைக்க என்னால ஆவாது. பிள்ளையார் இருக்காரு, பாத்துக்கிடுவாரு." சொல்லிவிட்டு, போய்க் கதவுத் தாழ்ப்பாளைத் தேய்க்க ஆரம்பித்தார். கண் கலங்கினால் அவர் எதையாவது தேய்ப்பார்.

வேன் வந்து நின்றது. முதலில் லியோன் இறங்கினான். பிறகு வேன் ஒரு ஆட்டம் ஆடி நிமிர, இஞ்ஞாசியம்மாள் இறங்கினாள். உவரியில் மீன் ஏலம் எடுத்து வெளியூர்ச் சந்தைகளுக்கு அனுப்புகிறவள். கடலலையை மீறிப் பேசிப் பழகிய தொண்டை. வாசலில் நின்று மெதுவாகப் பேசினாலே மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

"அண்ணாச்சி நீருதானா? உம்ம பத்தி நெறைய கேட்டிருக்கேன்" என்றாள். கேட்டது நல்லதா கெட்டதா என்று குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

கூடத்துக்குள் வந்ததும் அவளுடைய கண் தொட்டியில் விழுந்தது. லியோனும் பார்த்தான், பார்த்துவிட்டுச் சட்டென்று கூரையைப் பார்த்தான். பொன்செல்வி முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

இஞ்ஞாசியம்மாள் தொட்டிக்கு அருகே போய்க் குனிந்தாள். சந்தையில் கூடையைப் பார்க்கிற பார்வை. பழுப்புக்கு நடுவே இருந்த தெளிவான இடங்களின் வழியாக மீன்களை ஒவ்வொன்றாக நோட்டம் விட்டாள்.

"மீனு நல்லாத்தான் இருக்கு. கண்ணு தெளிவு. செவுளு சிவப்பு." நிமிர்ந்தாள். "தொட்டி ஏன் இப்படி இருக்கு?"

அண்ணாச்சி ஒன்றையும் மறைக்கவில்லை. புளியிலிருந்து தொடங்கினார். சோப்பு, முறுக்கு, சிங்கப்பூர் சாய்ந்தது, தூக்குவாளி, அலிமா பீவி எல்லாவற்றையும் சொன்னார். லியோன் வீடியோவில் கேட்டபோது கேட்காத மாதிரி நடித்ததையும் சொன்னார். "இன்னைக்குக் காலையில கழுவியிருக்கலாம். கழுவினா மீனுக்கு ஆவாது. அதான் விட்டுட்டேன். பாக்க நல்லா இல்லைதான். நீங்க மன்னிச்சுக்கிடணும்" என்று முடித்தார்.

இஞ்ஞாசியம்மாள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பளபளக்கும் தரை, பளபளக்கும் ஜன்னல் கம்பி, முகம் தெரியும் தாழ்ப்பாள். அதற்கெல்லாம் நடுவில் சாக்கடை நிறத்தில் ஒரு தொட்டி.

"அண்ணாச்சி, நான் வெளிப்படையாப் பேசுதவ. எம்மவ உம்ம பத்திச் சொன்னதுல எனக்குப் பயம் வந்துட்டு. படியைத் துடைச்சுக்கிட்டே வருவாவளாம், ஆணி அடிக்க விடமாட்டாவளாம். பச்சைப்பிள்ளை உள்ள வீட்டுல இது எப்படிச் சரிப்படும்? பிள்ளை வாந்தி எடுக்கும், ஒண்ணுக்கு இருக்கும், மண்ணை அள்ளிக்கிட்டு வரும். அப்பம் இந்த மனுசன் சிரிச்சுக்கிட்டே துணியோட வந்து நின்னா எம்மவ பதறிப்போயிருவா. அதுக்குத்தான் வேன் பிடிச்சேன். தொட்டி மட்டும் கண்ணாடி மாதிரி இருந்திருந்தா நான் உக்காந்துகூட இருக்கமாட்டேன்."

பொன்செல்வியின் வாயிலிருந்து முந்தானை விழுந்தது.

"மூணு மீனுக்காவ இந்தக் கருமத்தை நடுவீட்டுல வெச்சுக்கிட்டு கையைக் கட்டிக்கிட்டு இருந்திருக்கீரே. உமக்கு அது எவ்வளவு கஷ்டம்னு இந்தத் தாழ்ப்பாளப் பாத்தாத் தெரியுது." அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "இருந்தாலும் நாலு கேள்வி கேக்கணும். பிள்ளை சுவத்துல கிறுக்கும்."

"கிறுக்கட்டும்" என்றார் அண்ணாச்சி.

"சோத்தை இறைக்கும்."

"இறைக்கட்டும்."

"தொட்டில் கட்ட மாடியில கொக்கி அடிக்கணும்."

அண்ணாச்சி ஒரு தடவை மாடியை அண்ணாந்து பார்த்தார். "அடிச்சுக்கிடுங்க."

"எங்க ஊருல இருந்து சொந்தக்காரங்க வருவாவ. காலெல்லாம் கடல் மண்ணு. அப்படியே படியில ஏறுவாவ."

அண்ணாச்சி படியைத் திரும்பிப் பார்த்தார். பொன்செல்வி பின்னாலிருந்து முதுகில் ஒரு குத்துக் குத்தினாள். "ஏறட்டும்" என்று வந்தது.

லியோன் சிரிப்பை அடக்க முடியாமல், "அத்தை, ஞானஸ்நானத்துல சாமியாரு கேக்குத மாதிரியில்லா கேக்கீய! அண்ணாச்சிக்குத் தலையில தண்ணி ஊத்துததுதான் பாக்கி" என்றான்.

"சும்மா இரிலே. கடைசி ஒண்ணு. மாடியில மீனு கொதிக்கும், கருவாடு பொரியும். வாசம் கீழ வரும்."

"வரட்டும். நாங்களும் சாப்பிடுதவங்கதான்" என்ற அண்ணாச்சி தயங்கினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு இதில் போய் இடறுவதா என்று இருந்தது. ஆனால் இது பிள்ளையார் விஷயம். "வெள்ளிக்கிழமை ஒருநாளு மட்டும்... பூசை உண்டு. அன்னைக்கு மட்டும் வேண்டாமே."

இஞ்ஞாசியம்மாள் கண்ணை அகல விரித்தாள். "நல்லா இருக்கே கதை! வெள்ளிக்கிழமை நாங்க கறி தொடமாட்டோம். அன்னைக்கு எங்களுக்கு மீனுதான். உம்ம சாமிக்கு அன்னைக்கு ஆவாது, எங்க சாமிக்கு அன்னைக்குத்தான் ஆவும்!"

 தொட்டியில் மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அண்ணாச்சி தரையைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு தொட்டியை ஒரு தடவை பார்த்தாள். வாசலைப் பார்த்துத் தெரு முழுக்கக் கேட்கும்படி, "தம்பி, வேனைத் திருப்பிக்க. சாமான் ஒண்ணும் ஏத்தல" என்றாள்.

திரும்பி அண்ணாச்சியிடம், அவளால் முடிந்த மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சரி, போவும். வெள்ளிக்கிழமை கத்திரிக்கா வெச்சுக்கிடச் சொல்லுதேன் எம்மவகிட்ட."